பதினொரு நிமிடப் பேய்

எங்கள் கடைப் பேய்க்கு ஆயுசு பதினொரு நிமிடம். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பன்னிரண்டு பேருக்கு மீன் பொரித்தெடுக்க எனக்கு ஆகும் நேரம் அது. பேய் எட்டு நிமிடத்தில் போய்விட்டால் வந்தவர்கள் வெறும் கிளாஸை உருட்டிக்கொண்டு என் சமையல்கட்டையே முறைப்பார்கள். பதினான்கு நிமிடம் தங்கிவிட்டால் மீன் ஆறி ரப்பராகிவிடும். ஆறிய மீனைப் போடுகிறவன் என்ற பேர் எனக்கு வேண்டாம். அதனால் பேய்தான் என் அடுப்பை அனுசரித்துப் போகவேண்டும்.

பேயைக் கூட்டிவருகிறவளை இந்தப் பக்கத்துப் பார்க்காரர்கள் எல்லாரும் பேய்க்காரி என்போம். அவள் கோபித்துக்கொண்டதில்லை. திங்கட்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் சாயங்காலம் ஐந்தரைக்கு மணிக்கூண்டுக்கு அடியில் மஞ்சள் குடையோடு நிற்பாள். பேய்க்கதை டூருக்கு டிக்கெட் வாங்கியவர்கள் சேர்ந்ததும் நடக்க ஆரம்பித்துவிடுவாள். மூன்று பார், கடைசியில் ஒரு மிட்டாய்க்கடை. ஒவ்வொரு இடத்திலும் ஒரு வாய் தீனி, ஒரு மடக்குக் குடி, ஒரு பேய். பஸ் டிப்போ பக்கத்துப் பாரில் கண்டக்டர் பேய். சந்துக்குள் இருக்கும் பாரில் முடிவெட்டுகிறவரின் பேய். ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தவரின் கிருதாவை ஒரு பக்கம் மட்டும் குறைத்துவிட்டுப் போகும். மூன்றாவது எங்கள் கடை. எங்களுக்கு முதலில் வாய்த்தது தொண்டை கட்டிப்போன ஒரு பாட்டுக்காரி. எல்லாமே அவள் கைச்சரக்குதான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கே தெரியாத பேய்களை எங்கிருந்து பிடிப்பாளோ.

பேய்க்காரி ஆவதற்கு முன் பதினைந்து வருடம் வீடுவீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவள். எந்த வீட்டில் எத்தனை படி, எந்தப் படி உடைந்தது, எந்த நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மீட்டர்கள் தாமாகவே அலுவலகத்துக்குச் சேதி சொல்லக் கற்றுக்கொண்டபோது அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் இருக்க அவளால் முடியவில்லை. கால் நிற்காது. டூர் கம்பெனி முதலாளி நடக்கத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று விளம்பரம் போட்டதைப் பார்த்து, மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கால் நிற்காது என்று சும்மா சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. என் சமையல்கட்டில் வெங்காயம் உரிக்க ஒரு முக்காலி உண்டு. தினமும் அதை அவள் பக்கம் தள்ளிவிடுவேன். "இருக்கட்டும்ண்ணே" என்று சொல்லிவிட்டு, நிலைப்படியில் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்று தண்ணீர் குடிப்பாள். குடையின் பிடியை முறுக்கிக்கொண்டே இருப்பாள். பார்க்கிற எனக்குத்தான் முட்டி வலிக்கும்.

எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. கடையின் பின்முற்றத்தில் துருப்பிடித்த இரும்புக்கதவு ஒன்று இருக்கிறது. திறந்தால் சுவர்தான் வரும், என்றைக்கோ அடைத்துவிட்டார்கள். அந்தக் கதவுக்கு முன்னால் நின்றுதான் கதை சொல்வாள். என் சமையல்கட்டு ஜன்னல் அந்த முற்றத்தைப் பார்த்தபடி இருக்கும். மீன் தயார் என்றால் ஜல்லிக்கரண்டியால் சட்டி விளிம்பில் இரண்டு தடவை தட்டுவேன், பேயை அனுப்பிவிடுவாள். தாமதம் என்றால் ஒரு தடவை. பேயைப் பிடித்து நிறுத்திக்கொள்வாள். கேட்கிறவர்களுக்கு அது சமையல் சத்தம். பேயின் உயிர் என் கரண்டியில் இருந்தது யாருக்கும் தெரியாது.

சென்ற வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள், மீனைச் சட்டியில் போட்ட பிறகு கேஸ் தீர்ந்தது. ஒரு தடவை தட்டினேன். மாற்று சிலிண்டரை உருட்டிவந்தால் அதற்கு வாஷர் இல்லை. இன்னொரு தடவை தட்டினேன். கதையில் பாட்டுக்காரி பாடவேண்டியதையெல்லாம் பாடி முடித்துவிட்டாள், அந்த இரும்புக்கதவின் சாவியைக்கூடத் தொலைத்துவிட்டாள். பேய்க்காரி என் ஜன்னலைப் பார்த்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சிலிண்டரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னும் நேரம் ஆகும் என்று சொல்லும் பதற்றத்தில் மூன்று தடவை தட்டிவிட்டேன்.

மூன்று எங்கள் ஏற்பாட்டிலேயே இல்லை. அவள் சட்டென்று அந்த இரும்புக்கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வேறு ஒரு குரலில் ஆரம்பித்தாள்.

"இந்த ஊர்ல ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருந்தாரு. கையெல்லாம் எப்பவும் கிரீஸ். காலிங் பெல்லைத் தொட்டா அழுக்காயிடும்னு ஸ்க்ரூடிரைவர் பிடியால கதவை மூணு தடவை தட்டுவாரு. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், அரை மணியில வந்துடறேன்னு பையை எடுத்துட்டுப் போனாரு. போன இடத்துல லிஃப்ட் ஓடற குழியில விழுந்துட்டாரு. ஆனா வீட்டுக்கு வரணும்ல? வர்றாரு. எல்லா மாடியிலயும் கதவு ஒண்ணுபோலவே இருக்கு. எது நம்ம வீடுன்னு தெரியல. அதனால எல்லாக் கதவையும் தட்டிப் பாக்கறாரு."

பத்தொன்பது நிமிடம் சொன்னாள். ஒருவரும் மீனைக் கேட்கவில்லை. வாட்டசாட்டமான ஒரு ஆள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

எல்லாரும் வாசலுக்குப் போனதும் கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சும்மா. இவரை எங்க புடிச்சே?"

"வீட்டுலதாண்ணே" என்றாள். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் நிலைப்படியில் நின்றபடி மீதியையும் சொன்னாள். புருஷன் காணாமல் போய் எட்டு வருடம். போலீஸில் சொல்லி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, அவர் வேலை பார்த்த கட்டடத்தின் குழிகளில்கூட விளக்கடித்துத் தேடியாயிற்று. ஏழு வருடம் முடிந்ததும், இறந்ததாகச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம், தாயாரும் மனைவியும் கையெழுத்துப் போடவேண்டும் என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். மாமியார் போடவில்லை. "எம் புள்ள இருக்கான். எனக்குத் தெரியும். இருக்கறவனுக்கு நான் எதுக்குக் கையெழுத்துப் போடணும்" என்றுவிட்டாராம். பெத்த மனசு என்று இவளும் வற்புறுத்தவில்லை. காகிதம் தையல் மிஷின் இழுப்பறைக்குள் போயிற்று.

வீட்டில் அவர்கள் இரண்டே பேர். மாமியார் துணி தைப்பவர். பழைய சட்டையை இறுக்குவது, பாவாடை ஓரம் மடிப்பது, ஜிப் மாற்றுவது. நான்காவது மாடி. லிஃப்ட் ஆறு வருடமாக ஓடவில்லை. மெக்கானிக் வீடு இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கெட்டுக் கிடப்பதை அவளே சொல்லிச் சிரிப்பாள். இவளுக்குத் தாய் தகப்பன் கிடையாது. ஜுரம் வந்தால் நெற்றியில் கை வைத்துப் பார்க்க அந்த ஒரு அத்தைதான்.

மறுவாரம் டூர் முதலாளி வந்தார். அன்றைக்கு வந்தவர்களில் யாரோ இணையத்தில் அந்தக் கதையைப் பற்றி விலாவாரியாக எழுதிவிட்டார்களாம். இனிமேல் எங்கள் கடையில் மெக்கானிக்தான், பாட்டுக்காரிக்கு ஓய்வு என்றார். அதோடு விட்டாரா? என்னிடம் வந்து, "நீங்கதானே அன்னைக்குத் தட்டினது? தினம் அதே மாதிரி மூணு தட்டு. டைமிங் பிரமாதம்" என்றார். அவள் வேண்டாம் என்று சொல்வாள் என்று பார்த்தேன். சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அது என் தப்புதான். அன்றிலிருந்து வாரத்தில் ஆறு நாள் அவள் புருஷனைக் குழியில் தள்ளுவாள், நான் மூன்று தடவை தட்டி அவரை எழுப்புவேன். விருந்தாளிகள் அலறிவிட்டுச் சிரிப்பார்கள். அதற்கப்புறம் இரண்டு தடவை தட்டுவேன், மீன் போகும். நான் ஒரு சமையல்காரன். சம்பளம் இல்லாத பேயாகவும் ஆகிவிட்டேன்.

அவளுக்கு அப்புறம் தண்ணீர் குடிக்கக்கூட ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. நடந்துகொண்டே குடித்தாள். கூட்டத்தை இழுத்துக்கொண்டு ரொம்ப வேகமாக நடக்கிறாள் என்று புகார் வந்தது. கன்னம் ஒட்டிப்போயிற்று. ஒரு நாள் நிலைப்படியில் நின்று சொன்னாள்: "அத்தை காதுக்கு மட்டும் இது போயிடக்கூடாதுண்ணே. அவங்க புள்ளையை நான் தினம் சாகடிக்கறேன். தெரிஞ்சா மூஞ்சியில முழிப்பாங்களா? அவங்களும் இல்லைன்னா நான் எந்தக் கதவைத் தட்டறது?"

"வேற கதை சொல்லேன்" என்றேன்.

"முயற்சி பண்ணினேன். வாயைத் திறந்தா அவருதான் வர்றாரு."

காதுக்குப் போகாமல் இருக்குமா? அவள் கட்டடத்துக் கீழ்வீட்டுக்காரி தன் ஆபீஸ் ஆட்களோடு டிக்கெட் வாங்கி வந்துவிட்டாள். அன்றைக்கு அவளைப் பார்த்ததும் பேய்க்காரி கண்ணைத் துடைத்துத் துடைத்துத்தான் கதையைச் சொல்லி முடித்தாள். இரண்டு நாள் வீட்டில் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள், ஒரு புதன்கிழமை, மணிக்கூண்டுக்கு அடியில் பதினொரு பேர் சேர்ந்ததும் பன்னிரண்டாவது டிக்கெட்டை நீட்டியது அவளுடைய அத்தை.

எங்கள் கடைக்கு வந்தபோதுதான் நான் அவரைப் பார்த்தேன். ஒல்லி உடம்பு, கழுத்தில் அளவு நாடா. தையலிலிருந்து எழுந்து அப்படியே வந்துவிட்டார் போல. முற்றத்தில் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த பீரை மோந்து பார்த்துத் தள்ளிவைத்தார். பேய்க்காரி சமையல்கட்டுக்குள் ஓடிவந்தாள்.

"அண்ணே, அத்தை வந்திருக்காங்க. இன்னைக்குத் தட்டாதீங்க. பாட்டுக்காரியைச் சொல்லி ஒப்பேத்திடறேன்."

"அத்தை ஒண்ணும் சொல்லலையா?"

"மூணு தெரு நடந்து வந்திருக்காங்க. ஒரு வார்த்தை பேசல."

சரி என்றேன். கரண்டியை எடுத்துத் தள்ளிவைத்தேன், கை பழக்கத்தில் தட்டிவிடப் போகிறதே என்று. வெளியே போய் அவள் பாட்டுக்காரியை ஆரம்பித்தாள். இரண்டு வரி போவதற்குள் பின்னால் இருந்த ஒருவன், "மெக்கானிக் கதை இல்லையா? அதைக் கேக்கத்தானே வந்தோம்" என்றான். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அப்போது முன்வரிசையிலிருந்து அத்தை அவர்களைவிட மெதுவாகச் சொன்னார்:

"அதையே சொல்லும்மா. நானும் அதுக்குத்தான் வந்தேன்."

அவள் சொன்னாள். வேறு என்ன செய்வாள்? கிரீஸ் கை, ஸ்க்ரூடிரைவர், வியாழக்கிழமை, அரை மணி, குழி. ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை. கண்ணை அத்தையின் முகத்திலிருந்து எடுக்கவும் இல்லை. எனக்கு அந்த முற்றத்தில் இருந்த பன்னிரண்டு பேர்மீதும், முதலாளிமீதும், என்மீதும் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. கடைசியில், "எல்லாக் கதவையும் தட்டிப் பாக்கறாரு" என்ற இடம் வந்தது. அங்கேதான் நான் தட்டவேண்டும். தட்டவில்லை. முற்றம் அப்படியே காத்துக்கொண்டிருந்தது.

அத்தை கையை நீட்டி மேஜையில் மூன்று தடவை தட்டினார். ஊசி குத்தாமலிருக்கத் தையல்காரர்கள் மாட்டும் இரும்புத் தொப்பி விரலில் இருந்தது. அந்தச் சின்ன இரும்புச் சத்தம் என் கரண்டியைவிட நன்றாகக் கேட்டது.

"இப்படித்தான் தட்டுவான்" என்றார். "இன்னும் கொஞ்சம் மெதுவா. ரெண்டாவதுக்கும் மூணாவதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி விடுவான்."

இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அலறினார்கள். பிறகு எல்லாரும் கை தட்டினார்கள். கம்பெனி ஏற்பாடு செய்த நடிகை என்று நினைத்துவிட்டார்கள். ஒருவன் அவரோடு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். நான் மீன் தட்டுகளைக் கொண்டுபோய் அவர்கள் வாயை அடைத்துவிட்டு, அத்தையையும் மருமகளையும் சமையல்கட்டுக்குள் கூட்டிவந்தேன்.

அத்தை முக்காலியில் உட்கார்ந்தார். மருமகள் வழக்கம்போல நிலைப்படியில்.

"அத்தை, என்னை மன்னிச்சிடுங்க" என்றாள். "அவரைச் சாகடிச்சிட்டேன்."

"அவன் சாகல" என்றார் அத்தை.

"நீங்க அப்படித்தான் சொல்வீங்கன்னு தெரியும்."

"நம்பிக்கையில சொல்லலம்மா. தெரிஞ்சு சொல்றேன்." அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தார். "ஆறு வருஷத்துக்கு முன்னாடி போன் பண்ணினான். நீ மீட்டர் பாக்கப் போயிருந்தே. வேற ஊர்ல இருக்கான். அங்க ஒருத்தியோட குடும்பமா இருக்கான். மாசத்துக்கு ஒரு தடவை பேசுவான். உனக்குச் சொல்லாதேன்னான்."

அடுப்பை அணைத்தேன்.

"அவன் சொன்னதுக்காக மறைக்கல. அவன் கிடக்கான்." அத்தை நாடாவை அவிழ்த்து மறுபடி சுற்றினார். "தெரிஞ்சா நீ போயிடுவே. உனக்கு அப்ப என்ன வயசு? யாரு உன்னைத் தடுக்கறது? புள்ளையும் இல்ல, நீயும் இல்லைன்னா, அந்த நாலாவது மாடியில நான் யாருக்குத் தைக்கறது? அவன் வருவான், வருவான்னு சொல்லியே உன்னைக் கட்டிப்போட்டேன். கீழ்வீட்டுக்காரி வந்து, உங்க மருமக அழுதுட்டே கதை சொன்னாள்னு சொன்னா. அதுக்கப்புறம் எனக்கு ஊசியில நூல் கோக்க முடியல."

நான் இத்தனை வருடம் கத்தியும் நெருப்புமாக வேலை செய்கிறவன். யாராவது அந்த நிமிடம் ஒரு தட்டைப் போட்டு உடைத்தால் தேவலை என்று இருந்தது. அவள் அழவில்லை, கத்தவில்லை. குடைப் பிடியை முறுக்குவது மட்டும் நின்றுபோயிருந்தது.

"குழந்தை இருக்கா?" என்று கேட்டாள்.

"பொண்ணு. அஞ்சு வயசு."

தலையை ஆட்டிக்கொண்டாள், யாரோ வழி சொல்லக் கேட்டுக்கொண்டதைப் போல. பிறகு என்னிடம் திரும்பி, "அண்ணே, இவங்களை வீட்டுல விட்டுடுங்க. மாடிப்படி இருட்டா இருக்கும். மிட்டாய்க்கடையில எங்களுக்காகக் காத்துட்டு இருப்பாங்க" என்று சொல்லிவிட்டு, பதினொரு பேரையும் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டாள். மஞ்சள் குடை முக்குத் திரும்பும் வரை அத்தை வாசலில் நின்று பார்த்தார்.

நான்கு மாடியும் அவரைக் கைபிடித்து ஏற்றினேன். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார். தன் கதவுக்கு முன்னால் வந்ததும் சாவியை எடுக்காமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவ திரும்பி வருவாளா தம்பி?" என்றார். எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். ஆறுதல் சொல்ல மனம் வரவில்லை. ஆறு வருடம் என்பது சின்ன விஷயமா?

மறுநாள் சாயங்காலம் அவள் வரமாட்டாள் என்று நினைத்து, மீனைக் குறைவாகத்தான் எடுத்திருந்தேன். ஆறே முக்காலுக்கு மஞ்சள் குடை வந்தது, பின்னால் பத்துப் பேர். கண் வீங்கியிருந்தது. நான் கேட்கும் முன்பே சொல்லிவிட்டாள்.

"வீட்டுலதான் இருக்காங்க. நானும் அங்கதான் இருக்கேன். எங்க போறது? காலையில பேசிக்கல. மத்தியானம் எனக்கும் சேர்த்துச் சமைச்சு மூடி வச்சிருந்தாங்க. சாப்பிடக்கூடாதுன்னுதான் இருந்தேன். பசிச்சிடுச்சு."

"இனிமே என்ன?"

அவள் குடை உறைக்குள்ளிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் காட்டினாள். துணியில் அளவு குறிக்கும் நீலச் சுண்ணாம்பில் ஒரு போன் நம்பர். "தட்டுக்கு அடியில வச்சிருந்தாங்க. பேசி என்னத்தைக் கேக்கறது? நம்ம பில்டிங்ல லிஃப்ட் ரிப்பேரு, கொஞ்சம் வந்து பாக்கறீங்களான்னா?" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "விவாகரத்துக்கு எழுதிக் கொடுக்கணும். நான் கிளம்பறப்ப அத்தை, நானும் கூட வர்றேன்னாங்க. வரட்டும். ஆனா நான் இன்னும் மன்னிக்கலண்ணே. எப்போ மன்னிப்பேன்னும் தெரியல."

"இன்னைக்கு எந்தக் கதை?" என்றேன். "நான் எத்தனை தட்டணும்?"

"மீன் ஆனா ரெண்டு. அவ்வளவுதான்."

மீனைச் சட்டியில் இறக்கினேன். ஜன்னலுக்கு வெளியே அவள் குரல் கேட்டது. அதே இரும்புக்கதவு, ஆனால் கதவைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்து நின்றாள்.

"இந்தக் கதவுக்குப் பக்கத்துல எட்டு வருஷமா ஒரு பொம்பளை நின்னுட்டு இருந்தா. யாராவது மூணு தடவை தட்டினா உடனே திறக்கணும்னு. உக்காரவே மாட்டா. உக்காந்தா, எழுந்து வர்றதுக்குள்ள தட்டினவரு போயிடுவாருன்னு பயம். சாப்பிடறதும் நின்னுட்டுதான். வேலைன்னு தேடினாகூட நடக்கற வேலையாத்தான் தேடுவா. வீட்டுல இருந்தா அந்தக் கதவையே பாத்துட்டு இருக்கணுமே."

அலறுவதற்குத் தயாராக வந்திருந்தவர்கள் அலறவில்லை. நான் கரண்டியைக் கையில் பிடித்தபடி ஜன்னலுக்குப் போய்விட்டேன்.

"அவ எப்படிச் செத்தா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"சாகல. அதான் கஷ்டமே. உயிரோட இருக்கறப்பவே அவளைப் பேயாக்கிட்டாங்க. ஒருத்தரு தட்டவே போறதில்ல. இன்னொருத்தரு, அவரு தட்டமாட்டாருன்னு தெரிஞ்சும் கதவுகிட்டயே நிக்க வச்சாங்க. அவங்க அவமேல வச்ச பாசம் பொய் இல்ல. அதனாலதான் அவளுக்கு யாரைத் திட்டறதுன்னே தெரியல."

"இப்பவும் இங்க நிக்கறாளா?"

"இல்லீங்க. நேத்து சாயங்காலம் போயிட்டா."

சொல்லிவிட்டு, முன்வரிசையில் காலியாக இருந்த நாற்காலியை இழுத்து அதில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றினாள். ஒரு காலை எடுத்து இன்னொரு கால்மேல் வைத்துப் பாதத்தை அமுக்கிவிட்டுக்கொண்டாள். பத்துப் பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

"அண்ணே, கருகுது" என்றாள், எழுந்திருக்காமலே.

திரும்பிப் பார்த்தேன். என் பதினேழு வருடச் சமையலில் முதல்முறையாக ஒரு சட்டி மீன் முழுவதும் கரியாகியிருந்தது.